நீச்சல் தடாகக் குளோரின் பட்ட தோலுக்கு மருந்துக்கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஏ9 வீதிக்கரை மருந்துக்கடை ஒன்றில் நின்று, "தடாகத்துக் குளோரின் பட்டு எரியுது, என்ன பூசலாம்?" என்று கேட்டால் அநேகமாக மூன்றில் ஒன்று கைக்கு வரும். இளஞ்சிவப்புக் காலமைன் போத்தல், அல்லது வெள்ளைச் சில்வர் சல்ஃபாடயசின் ட்யூப், அல்லது ஸ்டீரொயிட், அன்டிபயோட்டிக், பங்கசு மருந்து எல்லாம் ஒன்றாகக் குழைத்த கலவைக் கிறீம். மூன்றும் மருந்துதான். ஆனால் ஒன்று கடிக்கு (அரிப்புக்கு), ஒன்று காயத்துக்கு, மூன்றாவது இந்த இரண்டுக்குமே வேண்டாதது. எது எதற்கென்று கேட்காமல் கொடுப்பதும் வாங்குவதும்தான் சிக்கல். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளை விடுதித் தடாகத்துக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கும், அந்தத் தடாகத்தில் தூள் போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று, கடைத்தட்டில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: தோலில் பட்டது தடாகத் தண்ணீரா, வாளியில் இருந்த இரசாயனமா?

ஒழுங்காகப் பராமரிக்கும் தடாகத்தில் குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் மட்டுமே, பி.எச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரை. இந்தத் தண்ணீர் தோலைச் சுடாது. தோலின் எண்ணெய்ப்பசையைக் கழற்றி வறட்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து கடிக்கும். அவ்வளவுதான். வாளியில் இருப்பது வேறு சாதி. கல்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் குளோரின் 65 முதல் 70 வீதம், ட்ரைகுளோர் வில்லையில் 90 வீதம், திரவக் குளோரினில் 10 முதல் 12 வீதம். பி.எச் குறைக்க ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 30 வீதத்துக்கு மேல். இவை பட்டால் வருவது எரிகாயம்.

வன்னியில் குளோரின் தூளைக் காணாத வீடு குறைவு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது போன்ற காலங்களில் கிணறு இறைத்துத் தூள் போடுவது எல்லோருக்கும் பழகிய வேலை. பழகியதால் வெறுங்கையால் அள்ளுகிற வழக்கமும் உண்டு. கிணற்றுக்குப் போடும் ரி.சி.எல். தூளில் குளோரின் 30 முதல் 35 வீதம். தடாகத் தூள் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. மத்தியான வெயிலில் வியர்த்த கையில் அது ஒட்டினால் வியர்வையிலேயே கரைந்து காரமாகிவிடும். தோல் சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கினால், காரம் தோலின் கொழுப்பையே சவர்க்காரமாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்தில் நோவு பெரிதாக இராது. அதனால்தான் பலர் சாரத்தில் துடைத்துவிட்டு வேலையைத் தொடருகிறார்கள். அமிலம் அப்படியல்ல, பட்ட உடனே கத்தவைக்கும். அதனாலேயே அமிலம் பட்டவர் ஓடிப்போய்க் கழுவுகிறார், காரம் பட்டவர் கழுவுவதில்லை. பின்னேரம் பார்த்தால் காரக் காயம் ஆழமாகியிருக்கும். 24 முதல் 48 மணித்தியாலம் வரை அது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம்.

இனிப் பொருட்களுக்கு வருவோம். இதில் முதலிடம் கடையில் விற்கும் எதற்கும் இல்லை, பைப்பில் வரும் தண்ணீருக்குத்தான். தூள் பட்டிருந்தால் முதலில் காய்ந்த துணியாலோ மட்டையாலோ தட்டிவிட வேண்டும். நனைத்தபின் தூள் கரைந்து பரவும். உடுப்பு, மோதிரம், மணிக்கூடு, கையில் கட்டிய நூல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பட்ட துணியைத் தலைவழியாக இழுக்காமல் கத்தரியுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் அமிலத்துக்குக் குறைந்தது 20 நிமிடம், காரத்துக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் கழுவ வேண்டும். மனக்கணக்கில் 20 நிமிடம் என்பது அநேகமாக 4 நிமிடம். தண்ணீர் காயத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவேண்டும், நல்ல தோலின் மேலாக அல்ல.

வன்னியில் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கறுப்புத் தாங்கியிலிருந்து வெயிலில் கிடக்கும் குழாய் வழியாக வரும் தண்ணீர் மத்தியானத்தில் முதல் ஒரு நிமிடம் சுடும். அந்தச் சூட்டை எரிந்த தோலில் விடக்கூடாது. பைப்பைத் திறந்து ஓடவிட்டு, அது குளிரும்வரை பக்கத்து வாளியிலிருந்து அள்ளி ஊற்றுங்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர் வரும் பைப்பில் அரை மணித்தியாலத்துக்கு 300 லீற்றர் போகும். 1000 லீற்றர்த் தாங்கி தாராளமாகப் போதும், கரண்ட் இல்லாவிட்டாலும் தண்ணீர் தானாக இறங்கும். தாங்கி இல்லாமல் கிணறு மட்டும் உள்ள இடத்தில் ஒருவர் இறைக்க மற்றவர் ஊற்ற வேண்டும். ஒருவராகச் செய்தால் ஐந்தாம் வாளியோடு கை தளர்ந்துவிடும். ஐஸ்கட்டி வேண்டாம். அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை இன்னும் கெடுக்கும்.

இரண்டாமிடம் பி.எச் தாளுக்கு. மருந்துக்கடையில் கிடைக்காது. பாடசாலை விஞ்ஞானகூடப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டால் 1 முதல் 14 வரை நிறம் காட்டும் சிறு புத்தகமாகக் கிடைக்கும். கழுவி முடித்து 10 நிமிடம் பொறுத்து, ஈரத் தோலில் தாளை ஒற்றுங்கள். 7 அளவில் நின்றால் நிறுத்தலாம். நீலம் காட்டினால் மறுபடி பைப்புக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம், மயிர்க்கால்களில் தங்கிய காரம் மெல்லத்தான் வெளியே வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். தாள் ஒரு கணம் நீலமாகி உடனே வெள்ளையாக வெளிறினால், குளோரின் இன்னும் தோலில் இருந்து தாளின் சாயத்தையே தின்கிறது. அப்போது காட்டும் வெள்ளையைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். சிவப்பு லிட்மஸ் தாள் மட்டும்தான் இருக்கிறதென்றாலும் பரவாயில்லை, அது நீலமாகாமல் இருக்கும்வரை கழுவுங்கள்.

எலுமிச்சை, வினாகிரி, அப்பச்சோடா: மூன்றும் கூடாது. காரத்துக்குப் புளி, புளிக்குக் காரம் என்ற கணக்கு பாடசாலைப் பரிசோதனைக்குச் சரி. தோலின் மேல் அந்தத் தாக்கம் சூட்டைக் கிளப்பும். ஹைப்போகுளோரைட் மேல் எலுமிச்சை விட்டால் குளோரின் வாயுவே கிளம்பும், கையைக் காப்பாற்றப் போய் நெஞ்சைக் கெடுத்த கதையாகிவிடும்.

500 மில்லிலீற்றர் சேலைன் போத்தலைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. எரிகாயத்தைக் கழுவ அதை வாங்குகிறார்கள். ஊற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அரை மணித்தியாலக் கழுவலுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் கட்டு மாற்றும்போது ஒட்டிய கோஸ் துணியை நனைத்துக் கழற்ற அதைவிட நல்லது வேறில்லை. அந்த வேலைக்கு வாங்கலாம். திறந்த போத்தலை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

சில்வர் சல்ஃபாடயசின் 1 வீதக் கிறீம்தான் எரிகாயம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் பாதி பிதுக்கிய ட்யூப் ஒன்று கிடக்கும். எங்கள் கணிப்பில் இதற்குக் கிடைக்கும் மரியாதை கூடுதல். பூசியதும் காயத்தின் மேல் வெள்ளைப் படலம் ஒன்று பிடிக்கும். ஆஸ்பத்திரியில் வைத்தியர் காயத்தின் நிறத்தையும் ஆழத்தையும் பார்க்க வேண்டுமென்றால், அதை முழுக்கச் சுரண்டிக் கழுவவேண்டி வரும், நோவு நோயாளிக்கு. சிறிய, மேலோட்டமான காயங்களைச் சாதாரண ஈரக்கட்டைவிட இது விரைவாக ஆற்றுவதில்லை, சிலவேளை தாமதமாக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும், பிரசவம் நெருங்கிய தாய்மாரும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளும் தொடவே கூடாது. வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்னபடி பாவியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் நீங்களாகப் பூசாதீர்கள்.

சிறு காயத்துக்கு உண்மையில் காசு கொடுத்து வாங்கவேண்டியது இரண்டே இரண்டு: வெறும் வாஸ்லின், பரஃபின் கோஸ். பரஃபின் கோஸ் என்பது மெழுகு தோய்ந்த வலைத்துணி, சிறு பைக்கற்றில் தனித்தனியாக வரும். நன்றாகக் கழுவிய, உள்ளங்கையைவிடச் சிறிய, சிவந்த அல்லது சிறு கொப்புளம் போட்ட காயத்தின் மேல் ஒன்று அல்லது இரண்டு அடுக்கு வைத்து, மேலே காய்ந்த கோஸ் வைத்து, இறுக்காமல் பண்டேஜ் சுற்றினால் போதும். நாளுக்கொரு தரமோ இரண்டு நாளைக்கு ஒரு தரமோ மாற்றலாம். வன்னி வெக்கையில் வியர்த்து நனைந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம், அந்தத் தோலே மேல்மூடி. பரஃபின் கோஸ் கிடைக்காத ஊரில், சுத்தமான கோஸில் வாஸ்லினைத் தாராளமாகத் தடவி வைத்தாலும் ஏறக்குறைய அதே வேலை நடக்கும். ஆனால் கழுவி முடிக்குமுன் வாஸ்லின் பூசினால் இரசாயனம் உள்ளேயே பூட்டுப்பட்டுவிடும். நெய், தேங்காய் எண்ணெய், பற்பசை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதே குற்றச்சாட்டுத்தான், கூடவே கிருமியும் சேரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூடிக்கொண்டு போகச் சமையலறையில் உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் நல்லது. முதல் சுற்றைக் கழித்து எறிந்துவிட்டு, கையின் நீளவாக்கில் படுக்கவையுங்கள். சுற்றிச் சுற்றிக் கட்டினால் வீக்கம் வரும்போது இறுக்கிவிடும். முகத்தில் போடக்கூடாது.

பெட்டடீனை விடலாம். அதன் நிறம் காயத்தை மறைக்கும், ஏற்கெனவே வெந்த தோலை அது மேலும் எரிக்கும். நியோமைசின், ஃபிரமைசெட்டின் சேர்ந்த அன்டிபயோட்டிக் கிறீம்களையும் விடலாம். கிருமி பிடிக்காத காயத்துக்கு அவை தேவையில்லை. அவற்றுக்கே ஒவ்வாமை வந்து, காயத்தைச் சுற்றிப் புதிதாகக் கடிச்சல் தொடங்குவதும் உண்டு. சித்தாலேப போன்ற தைலங்கள் தலையிடிக்கும் மூட்டு நோவுக்கும் செய்தவை. கற்பூரமும் மெந்தோலும் வெந்த தோலில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இனிக் கடிக்கு வருவோம். காயமில்லை, கொப்புளமில்லை, தடாகத்தில் குளித்தபின் சிவந்து கடிக்கிறது, அவ்வளவுதான் என்றால் காலமைன் லோஷன் நல்ல தொடக்கம். குலுக்கிவிட்டுப் பஞ்சில் தொட்டுத் தடவினால் சிறிது நேரம் குளிர்ந்து கடி அடங்கும். விலையும் குறைவு. குறை என்னவென்றால், காய்ந்தபின் துத்தநாக மா தோலை மேலும் வறட்டும். குளோரின் கடிக்கு மூலகாரணமே வறட்சி என்பதால் ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் இது எதிர்மாறாக வேலை செய்யும். உரிந்த தோலில் போடவே வேண்டாம், சில தயாரிப்புகளில் பீனோலும் இருக்கிறது.

ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 வீதக் கிறீம் கடிக்கு நல்ல மருந்து, ஆனால் அளவு தெரிந்து பாவிக்கவேண்டிய மருந்து. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். காலை ஒரு தரம், இரவு ஒரு தரம், மெல்லிய பூச்சாக, 7 நாளுக்கு மேல் போகாமல். முகத்துக்கும் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் வைத்தியரைக் கேட்டபின். எரிகாயத்தில், உரிந்த தோலில், சீழ் வைத்த பருவில் கூடவே கூடாது.

மேலே சொன்ன கலவைக் கிறீமின் கதை இதிலிருந்து வேறு. அதில் அநேகமாக இருப்பது குளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன். ஹைட்ரோகோர்ட்டிசோனைவிடப் பல மடங்கு வலுவான ஸ்டீரொயிட்கள் இவை. ஒரே இரவில் கடி நின்றுவிடுவதால் "நல்ல மருந்து" என்று பெயர் வாங்கியிருக்கிறது. தொடையிடுக்கில் சில வாரம் பூசினால் தோல் மெலிந்து, கோடுகோடாக வெடித்து, இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். அந்தக் கோடுகள் பிறகு மறையாது. படர்தாமரை இருந்திருந்தால் அது மறைந்ததுபோல் நடித்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும். குளோரின் கடிக்கு இதை வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு நம்பிக்கையாக நீட்டினாலும்.

ஒரு வகைப் பருவை மட்டும் பிரித்தறிய வேண்டும். குளித்து ஒன்றிரண்டு நாள் கழித்து, நீச்சலுடைக்கு அடியில், ஒவ்வொரு மயிர்க்காலிலும் சிவந்து சீழ்முனையோடு பரு வந்தால், அது குளோரின் கூடியதால் வந்ததல்ல, குறைந்ததால் வந்தது. வெதுவெதுப்பான, குளோரின் தீர்ந்த தண்ணீரில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமியின் வேலை. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகப் போகும். ஸ்டீரொயிட் பூசினால் கூடும். காய்ச்சல் சேர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த ஈர நீச்சலுடையை வெயிலில் காயவிடாமல் பையில் சுருட்டி வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள்.

வறட்சிக்கு எது நல்லது? அக்வியஸ் கிறீம் என்று பெரிய டப்பாவில் மலிவாக விற்பார்கள். அதில் சோடியம் லோரைல் சல்பேட் இருக்கிறது. பூசி விட்டுவைத்தால் சிலருக்கு, முக்கியமாகக் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு, எரிச்சலைக் கூட்டும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல் எச்சரித்தது. சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம், பூசி விடக்கூடாது. பூசுவதற்கு வெள்ளைப் பரஃபின் களிம்போ வாஸ்லினோ பிசுபிசுப்பைப் பொறுத்தவருக்கு நல்லது. பொறுக்காதவர் காயமில்லாத தோலில் தேங்காய் எண்ணெய் பூசலாம், குறையில்லை. தடாகத்தில் இறங்குமுன் மடிப்புகளில் வாஸ்லின் மெல்லியதாகத் தடவினால் பாதிக் கடி வராது.

சவர்க்காரம்தான் பலர் கவனிக்காத குற்றவாளி. சாதாரணக் குளியல் சவர்க்காரத்தின் பி.எச் 9 முதல் 10, தோலுக்கோ 5 அளவு. பேபி சவர்க்காரம் என்று எழுதியிருந்தாலும் கட்டிச் சவர்க்காரம் பெரும்பாலும் காரம்தான். அதோடு வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மையானது. கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் படிகிற வீட்டில், சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து தோலில் படலமாக நிற்கும். குளோரின் வறட்டிய தோலில் அந்தப் படலமும் சேர்ந்தால் கடி எப்படி நிற்கும்? தடாகத்திலிருந்து ஏறியதும் இரண்டு மூன்று நிமிடம் வெறும் தண்ணீரில் அலசுங்கள். வேண்டுமென்றால் பி.எச் 5.5 என்று எழுதிய திரவக் கழுவியை அக்குளுக்கும் இடுக்குக்கும் மட்டும் பாவியுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயுமுன் வாஸ்லின் பூசுங்கள்.

விற்றமின் சி தெளிப்பான் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது குளோரினை முறிப்பது உண்மை. ஒரு கிராம் அஸ்கோர்பிக் அமிலம் ஏறக்குறைய 0.4 கிராம் குளோரினை முறிக்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் உள்ள தடாகத் தண்ணீரில் அது 200 லீற்றரில் உள்ள முழுக் குளோரின். உடம்பில் ஒட்டியிருப்பது ஒரு கோப்பைத் தண்ணீர்கூட இல்லை. நல்ல அலசல் இருக்கும்போது தெளிப்பானுக்குக் காசு வீண். எரிகாயத்தில் அது அமிலம், தெளிக்கவே கூடாது.

இரவு கடித்துத் தூக்கம் கெட்டால் வளர்ந்தவர்களுக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போதும். எரிகாய நோவுக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை.

எந்த ட்யூபையும் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை: கண், முகம், கைவிரல்கள், பாதம், பிறப்புறுப்பு, மூட்டு மடிப்பு; நோயாளியின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிய காயம்; வெள்ளையாக அல்லது தோற்பதமாக மாறி உணர்ச்சி இல்லாத இடம்; சிறு பிள்ளை; தூளையும் அமிலத்தையும் கலந்தபின் இருமலும் நெஞ்சிறுக்கமும். வாயுவைச் சுவாசித்தவர் "இப்ப சரி" என்று சொன்னாலும் நம்பாதீர்கள், நுரையீரலில் நீர் கட்டுவது பல மணித்தியாலம் கழித்தும் வரலாம். கண்ணில் பட்டால் லென்ஸைக் கழற்றி, பட்ட கண்ணைக் கீழ்ப்பக்கமாகச் சரித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஓடும்படி அரை மணித்தியாலம் தண்ணீர் விடுங்கள். தாய்ப்பால் விடுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது, வேண்டாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. 1990 அம்புலன்ஸ் இலவசம். அழைத்துவிட்டு அது வரும்வரை கழுவுவதை நிறுத்தாதீர்கள். வாளியில் ஒட்டிய லேபலைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். "குளோரின்" என்று மட்டும் சொன்னால் காரமான தூளா, அமிலத்தன்மையுள்ள ட்ரைகுளோர் வில்லையா என்று வைத்தியருக்குத் தெரியாது. கடைசி ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எந்த வருடம் போட்டது என்பதையும் கேட்பார்கள்.

தடாகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பொருள் கூடுதலாக: டி.பி.டி. முறைக் குளோரின் பரிசோதனைப் பெட்டி. மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓ.டி.ஓ. துளியைவிட இது நல்லது, உபயோகமான குளோரினையும் அழுக்கோடு சேர்ந்த குளோரினையும் பிரித்துக் காட்டும். ஒரு பொறி மட்டும் உண்டு. குளோரின் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால், விட்ட துளி இளஞ்சிவப்பாக மின்னி உடனே நிறமற்றுப் போகும். குளோரினே இல்லையென்று நினைத்து இன்னொரு கோப்பைத் தூள் போடுவார்கள். அடுத்த நாள் அத்தனை பிள்ளைகளுக்கும் கடி. சந்தேகமென்றால் தடாகத் தண்ணீர் ஒரு பங்குக்குக் குளோரின் இல்லாத தண்ணீர் நான்கு பங்கு கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

வாங்கிய மருந்துப் பெட்டியை இரசாயன அறையில் வைக்காதீர்கள். அந்த ஆவியில் கத்தரிக்கோல் துருப்பிடிக்கும், கோஸ் பைக்கற்றின் ஓரம் இற்றுப்போகும், பி.எச் தாள் ஒருநாளும் பாவிக்காமலே வெளிறிவிடும். விபத்து நடந்த நேரத்தில் அந்த அறைக்குள்ளேயே போகவும் முடியாது. கழுவும் பைப்புக்கு எட்டும் தூரத்தில், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.